நடுகல் கையேட்டில் பாஸ்கர்வில்: கிருஷ்ணகிரியில் அச்சான ஓர் இருமொழி நூலின் எழுத்துரு ஆய்வு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பற்றிய இருமொழிக் கையேடு ஒன்றின் ஆங்கிலப் பக்கங்களுக்குப் பாஸ்கர்வில் எழுத்துரு தேர்வானது. முதல் ஃபார்ம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி, மெஷினிலிருந்து இறங்கிய கையோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. குறை எழுத்துருவிலா, கோப்பிலா, பிளேட்டிலா (அச்சுத் தகட்டிலா) என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் மூன்றிலுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அச்சகத்தார், டிடிபி வேலை செய்வோர், நூல் பதிப்பிப்போர் ஆகியோருக்குப் பயன்படும் என்று அளவுகளோடு இங்கே தருகிறோம்.

நூல் டெம்மி 1/8 அளவு, 96 பக்கம். பதினாறு பக்க ஃபார்ம் ஆறு. உள்தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ, அதாவது மெருகுப் பூச்சில்லாத தாள், ஒற்றைக் கறுப்பு. அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, நான்கு கலர், மேட் லேமினேஷன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதே செய்தி ஆங்கிலத்தில். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், 10 பாயின்ட், வரி இடைவெளி 15. ஆங்கிலத்துக்கு உலோக அச்சுக் கால வரைவை அப்படியே பின்பற்றும் பாஸ்கர்வில் கோப்பு ஒன்று, 10.5 பாயின்ட், அதே 15 இடைவெளி.

முதல் ஃபார்மில் தமிழ்ப் பக்கம் கறுப்பாகவும் ஆங்கிலப் பக்கம் சாம்பல் பூத்தும் நின்றன. ஆங்கிலச் சின்ன ‘ஈ’யின் (e) குறுக்குக் கோடு பல இடங்களில் விட்டுப்போய் அது ‘சி’யாக (c) தெரிந்தது. கறுப்பைக் கூட்ட மெஷின்மேன் இங்க்கை ஏற்றியதும் தமிழில் ‘ழ’, ‘ண’ ஆகியவற்றின் உள்சுழி அடைத்துக்கொண்டது. அடுக்கிய தாள்களில் மை மேல்தாளின் பின்பக்கத்தில் ஒட்டியது. ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தரும் வரிகளில் நடுநடுவே வேறு ஃபான்ட் எழுத்துகள் துருத்திக்கொண்டிருந்தன.

ஏன் பாஸ்கர்வில்

தேர்வுக்குக் காரணம் இருந்தது. ஜான் பாஸ்கர்வில் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வாழ்ந்தவர். தொழிலைத் தொடங்கியது கையெழுத்து ஆசிரியராக. கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியும் கொடுத்தார். அதற்கு விளம்பரமாக அவர் செதுக்கிய பலகைக்கல் இன்றும் பர்மிங்காமில் இருக்கிறது. பிறகு அரக்கு மெருகுத் தட்டு வியாபாரத்தில் பணம் சேர்த்து, 1750 வாக்கில் எழுத்து வார்ப்பில் இறங்கினார். கல்லில் எழுத்து வெட்டிய கை வரைந்த உரு, வீரனுக்கு நட்ட கல்லைப் பற்றிய நூலுக்குப் பொருந்தும் என்பது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் காலப் பொருத்தம். கையேட்டின் பின்னிணைப்பு, இந்த வட்டாரத்தின் பழைய பெயரான பாரமகால் பற்றியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதை நிர்வகித்தார். அவருடைய உதவியாளர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர். அந்த நாளைய ஆங்கிலத்தை அந்த நாளைய எழுத்தில் கொடுப்பது நியாயமாகப் பட்டது.

உருவத்தைப் பார்ப்போம். இதற்கு முந்தைய காஸ்லன் போன்ற எழுத்துகளில் தடிப்புக்கும் மெலிவுக்கும் வேறுபாடு குறைவு. வட்ட எழுத்துகளின் அச்சு, அதாவது நடுவே ஓடும் கற்பனைக் கோடு, இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாஸ்கர்வில் அந்த அச்சை ஏறத்தாழ நேராக நிமிர்த்தினார். தடித்த கோடு தடித்தே இருக்க, மெல்லிய கோடு இன்னும் மெலிந்தது. கோட்டு முனைகளில் இருக்கும் செரிஃப் கூர்மையாயிற்று. பின்னால் வந்த பொடோனி இதையே கடைசி எல்லைவரை கொண்டுபோனது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் இதை இடைநிலை வகை என்கிறார்கள்.

அடையாளம் காண நான்கு எழுத்து போதும். பெரிய ‘கியூ’வின் வால் தூரிகை வீச்சுப்போல வெளியே நீளும். சின்ன ‘ஜி’யின் கீழ்ச்சுழி மூடாமல் திறந்திருக்கும். பெரிய ‘ஜே’ அடிவரிக்குக் கீழே இறங்கும். பெரிய ‘ஈ’யின் கீழ்க்கை மேல்கையைவிட நீளம். சாய்வெழுத்தில் கையெழுத்து ஆசிரியர் நன்றாகவே தெரிவார்: ஒடுக்கமாக, சீராக, பேனா ஓட்டத்தோடு. அந்தச் சாய்வெழுத்துக்காகவே இந்த எழுத்துருவை எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

2012-இல் ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் நியூயார்க் டைம்ஸ் வாசகர்களிடையே நடத்திய சோதனையில், ஒரே வாசகத்தைப் பாஸ்கர்வில்லில் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாக நம்பினார்கள் என்று முடிவு வந்தது. அதை வைத்து எழுத்துரு தேர்வு செய்பவர்கள் உண்டு. வேறுபாடு மிகச் சிறியது. தாளும் அளவும் கெட்டிருந்தால் எந்த நம்பிக்கையும் வராது.

எழுத்தோடு தாளும் மையும்

இந்தச் சிக்கலின் மையம் இதுதான். பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் செய்யவில்லை. அந்த எழுத்து பதிய வேண்டும் என்பதற்காக அச்சு இயந்திரத்தைத் திருத்தினார். வழக்கத்தைவிடக் கறுத்த மை காய்ச்சினார். வரிவரியான கம்பித் தடம் இல்லாத வோவ் தாளைத் தாள் தயாரிப்பாளர் வாட்மனிடமிருந்து வாங்கினார். அச்சான தாளைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கு இடையில் அழுத்தி வழவழப்பாக்கினார். 1757-இல் வந்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூல் பதிப்பு இந்த ஏற்பாடு முழுவதன் விளைவு. உரு வெட்டியவர் ஜான் ஹாண்டி. 1758-இல் பாஸ்கர்வில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சாளரானார். 1763-இல் அங்கே பெரிய பைபிளை அச்சிட்டார்.

அன்றும் புகார் வந்தது. மெல்லிய கோடுகள் கண்ணைக் கூசவைக்கின்றன என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காஸ்லன் மாதிரித்தாளைப் பெயர்ப் பகுதியைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்வில் என்று நீட்டினார்; அவர் அதிலேயே குறைகளைக் காட்டினார். இதை ஃபிராங்க்ளின் 1760-இல் பாஸ்கர்வில்லுக்கே எழுதியிருக்கிறார். பாஸ்கர்வில் இறந்தபின் உருக்கள் 1779-இல் பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேவுக்கு விற்கப்பட்டு, வால்டேர் நூல் தொகுதிக்குப் பயன்பட்டன. 1953-இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தன. இடையே 1923-இல் மோனோடைப் நிறுவனம் இதற்குப் புத்துயிர் கொடுத்தது.

உலோக எழுத்து தாளில் அழுந்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும். கோடு வரைந்ததைவிடச் சற்றுத் தடித்தே விழும். அதோடு, உலோகத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி உரு வெட்டினார்கள். சிறிய அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக விட்டார்கள். கணினிக் கோப்பில் பெரும்பாலும் ஒரே வரைவுதான். 8 பாயின்ட்டுக்கும் 48 பாயின்ட்டுக்கும் அதையே சுருக்கி நீட்டுகிறோம். தலைப்பில் அழகாக நிற்கும் கோடு உடல் எழுத்தில் காணாமல் போவது இதனால்தான்.

பிளேட்டில் நடந்தது

சிறிய ஆஃப்செட் அச்சகங்களில் இன்னும் நடக்கும் முறைதான் இங்கேயும்: லேசர் பிரின்டரில் டிரேசிங் ஷீட் எடுத்து, ஒளியுணர் பூச்சுள்ள பிஎஸ் பிளேட்டின் மேல் வைத்து எக்ஸ்போஸ் செய்வது, அதாவது ஒளி காட்டுவது. தமிழ் நோட்டீஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் இது போதும். பாஸ்கர்வில்லுக்குப் போதவில்லை.

கணக்கு எளிது. 10.5 பாயின்ட்டில் எடுத்த கோப்பின் மெல்லிய கோடு சுமார் 0.07 மி.மீ. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. ஆக அந்தக் கோட்டுக்கு ஒன்றே முக்கால் புள்ளிக்கும் குறைவாகத்தான் வருகிறது. முக்கால் புள்ளி என்று ஒன்று கிடையாது. பிரின்டர் ஓரிடத்தில் ஒன்று போடும், ஓரிடத்தில் இரண்டு போடும். ஒரே வரியிலுள்ள இரண்டு ‘ஈ’க்களில் ஒன்றின் குறுக்குக் கோடு மற்றதைவிட இருமடங்கு தடிப்பாக இருந்ததை பத்து மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்க்க முடிந்தது.

அதற்குமேல் எக்ஸ்போஷர். பாசிட்டிவ் பிளேட்டில் ஒளி பட்ட இடம் கரைந்து போகும், படாத இடம் எழுத்தாக நிற்கும். ஒளி கூடினால் எழுத்தின் ஓரத்தை அரிக்கும். டிரேசிங் ஷீட்டில் டோனர் முழுக் கறுப்பாக விழாததால் எழுத்தின் ஊடேயும் கொஞ்சம் ஒளி கசியும். கசிவுக்குப் பயந்து நேரத்தைக் குறைத்தால் வெற்றிடத்தில் கறை நிற்கும். அதைப் போக்க நேரத்தைக் கூட்டினால் 0.07 மி.மீ. கோடு முதலில் போகும்.

இன்னொரு பிழையும் இருந்தது. ஷீட்டை நேர்ப்படியாக எடுத்திருந்தார்கள். அதனால் பிளேட்டின் மேல் நேராக வாசிக்கும்படி வைத்தபோது டோனர் பக்கம் மேலே இருந்தது. டோனருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஷீட்டின் கனம் வந்துவிட்டது, ஒளி பக்கவாட்டில் நுழைந்து கோட்டை அரித்தது. கண்ணாடிப் படியாக, அதாவது மிரர் போட்டு எடுத்து, டோனர் முகம் பிளேட்டைத் தொடும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். தடித்த தமிழ் எழுத்தில் இந்தத் தவறு பல வருடம் தெரியாமலே ஓடும். மெல்லிய ஆங்கில எழுத்து வந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

மெஷினில் பிளேட்டை ஈரமாக்கும் டேம்ப் தண்ணீர் அதிகமாக இருந்ததும் உதவவில்லை. மெல்லிய கோட்டில் இருக்கும் சொற்ப மையைத் தண்ணீர் தள்ளிவிடும். இங்க் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. முதலில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் இங்க் சாவியைத் தொட வேண்டும்.

தீர்வு இரண்டு பகுதியாக வந்தது. ஒன்று, ஆறு ஃபார்முக்கும் பிளேட் சிடிபியில், அதாவது கணினியிலிருந்து நேரே பிளேட்டில் பதிக்கும் முறையில், எடுக்கப்பட்டது. 2400 டிபிஐயில் ஒரு புள்ளி 0.011 மி.மீ.; அதே 0.07 மி.மீ. கோட்டுக்கு ஆறேழு புள்ளி கிடைக்கிறது, எல்லா ‘ஈ’யும் ஒன்றுபோல் விழும். செலவு கூடியது உண்மை. இரண்டு, உடல் எழுத்துக்கு லிப்ரே பாஸ்கர்வில் வந்தது. பாப்லோ இம்பல்லாரி, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸின் 1941 பாஸ்கர்வில்லை ஒட்டி, திரையில் படிப்பதற்காக வரைந்தது. சின்ன எழுத்துகளின் உயரம் அதிகம், உள்வெளி அகலம், தடிப்பு மெலிவு வேறுபாடு குறைவு. திரைக்காகச் செய்த இந்த மாற்றங்களே மேப்லித்தோ தாளுக்கும் பொருந்தின: 9.5 பாயின்ட்டிலும் மெல்லிய கோடு 0.1 மி.மீ.யைத் தாண்டியது. பழைய வரைவு தலைப்புகளில் மட்டும், 18 பாயின்ட்டுக்கு மேல் தங்கியது. ஒரே குடும்பத்தின் இரண்டு வரைவை அளவுக்கேற்ப மாற்றிப் போட்டது உலோகக் கால வழக்கத்துக்குத் திரும்பியதுதான்.

டிரேசிங் ஷீட்டை விட்டால் வழியில்லை என்ற நிலையிலுள்ள வேலைக்கு: பழைய வரைவைத் தொடாதீர்கள். லிப்ரே வரைவை 10 பாயின்ட்டுக்குக் குறையாமல் போட்டு, ஷீட்டை மிரரில் எடுங்கள், ஓடும்.

தமிழ்ப் பக்கத்தோடு அளவு ஒப்பிடல்

பாயின்ட் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. ‘ப’வின் உயரத்தையும் ஆங்கிலச் சின்ன ‘எக்ஸ்’ உயரத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, அவுட்லைனாக்கி, உயரத்தைப் பார்த்தால் போதும். இந்த நூலில் 10 பாயின்ட் தமிழின் ‘ப’ சுமார் 1.9 மி.மீ. பழைய வரைவு பாஸ்கர்வில் 10.5 பாயின்ட்டிலும் ‘எக்ஸ்’ உயரம் 1.5 மி.மீ.தான். எதிரெதிர்ப் பக்கத்தில் ஆங்கிலம் ஒரு படி சிறிதாகத் தெரிந்ததன் காரணம் இது. லிப்ரே வரைவில் 9.5 பாயின்ட்டிலேயே 1.8 மி.மீ. வந்தது.

‘ப’வும் ‘எக்ஸ்’ஸும் மிகச் சரியாக ஒரே உயரம் இருக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் பெரும்பாலானவை ஒரே உயரத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் மேல்தண்டும் பார்வை உயரத்தைக் கூட்டும். ஆங்கிலச் சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் நடுவில், சின்ன எழுத்தை ஒட்டி ‘ப’ அமைந்தால் கண்ணுக்குச் சமமாகப் படும்.

வரி இடைவெளியைத் தமிழே தீர்மானிக்கட்டும். மேலே ‘கீ’, ‘டீ’யின் சுழி, கீழே ‘கூ’, ‘ஞூ’வின் கால், 14-க்குக் கீழே போனால் இரண்டு வரிகளின் சுழியும் காலும் முட்டும். வரிகள் நிற்கும் 15 பாயின்ட் பேஸ்லைன் கிரிட் இரு பக்கத்துக்கும் பொதுவாக வைக்கப்பட்டது. உள் ஓரம் 20 மி.மீ., வெளி ஓரம் 17 மி.மீ. விட்டு எழுத்துப் பரப்பு 103 மி.மீ.; ஆங்கில வரிக்கு அறுபது எழுத்துக்குச் சற்று முன்பின்னாக வந்தது. நீண்ட வாசிப்புக்கு இது நல்ல அளவு.

தமிழ் வரிக்குள் வரும் ஆண்டு எண்களைப் பாஸ்கர்வில்லிலிருந்தே எடுத்து அரை பாயின்ட் குறைத்தோம். பழைய பாணி எண்கள், அதாவது ஏறி இறங்கும் எண்கள், ஆங்கிலப் பத்தியில் அழகு. தமிழ் வரிக்குள் அவை தள்ளாடுகின்றன. ஒரே உயர எண்களே இரு பக்கத்துக்கும் வைக்கப்பட்டன.

பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் யூனிகோடுக்கு வேர்ல்டு-ரெடி கம்போசர் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்டான பாமினியில் அடித்த பழைய கோப்பு வந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின், ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிக் குழம்பியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். இதைக் கடைசி புரூஃபுக்குத் தள்ளிவைப்பது பெரிய ஆபத்து.

அடிக்கோட்டு எழுத்துகள்

நடுகல் நூலில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கல்வெட்டுச் சொற்களை ஆங்கில எழுத்தில் தரும்போது ‘தொறு’வின் ‘று’வுக்கும், ‘புறமலை நாடு’வின் ‘ற’வுக்கும் ‘ஆர்’ எழுத்தின் அடியில் கோடு வேண்டும். ‘ழ’வுக்கு ‘எல்’ அடியில் கோடு, ‘ன’வுக்கு ‘என்’ அடியில் கோடு. நெடில் உயிர் ஐந்துக்கும் மேலே கோடு. ‘ட’, ‘ண’, ‘ள’ மூன்றுக்கும் கீழே புள்ளி. ‘ங’வுக்கும் ‘ஞ’வுக்கும் மேற்குறி. மொத்தம் 13 சின்ன எழுத்து, அவற்றில் தேவையானவற்றின் பெரிய எழுத்து.

பிரெஞ்சு, ஜெர்மன் மொழிக் குறிகள் பெரும்பாலான கோப்புகளில் இருக்கும். கீழ்க்கோடு இருக்காது. எடுத்த கோப்பிலும் இல்லை. வேர்டில் அடித்தபோது அது சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஃபான்டிலிருந்து எழுத்தை இழுத்துப் போட்டுக்கொண்டது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்த வேற்று ஃபான்ட் அடையாளத்தோடே வாசகம் லே-அவுட்டுக்குள் வந்துவிட்டது.

எழுத்துருவைத் தீர்மானிக்கும் முன்பே இந்த 13 எழுத்தையும் ஒரு வரியில் அடித்து, நேர், சாய்வு, தடிப்பு மூன்றிலும் லே-அவுட் மென்பொருளிலேயே சோதிக்க வேண்டும். இல்லாத எழுத்து குறுக்குக் கோடு போட்ட பெட்டியாக வரும். நேரில் இருந்து சாய்வில் இல்லாமல் போவதும் உண்டு.

இல்லாததைச் சேர்த்துக்கொள்ள லிப்ரே வரைவில் வழி இருக்கிறது. அது ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளியானது. திருத்தலாம், திருத்திய கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிடுவது முறை. இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்ஃபோர்ஜில் மேற்கோட்டுக் குறியை நகலெடுத்து அடியில் பொருத்தலாம். இரண்டு கவனம்: கோட்டின் தடிப்பை எழுத்தின் மெல்லிய கோட்டுக்குச் சமமாக்கினால் அச்சில் போய்விடும், மேற்கோட்டின் தடிப்பையே வையுங்கள், ‘எல்’லின் அடிக்கோடு ‘என்’னின் அடிக்கோட்டைவிடக் குட்டையாக இருக்கட்டும், ஒரே நீளம் வைத்தால் பக்கத்து எழுத்தின் அடியில் நுழைந்து யாருடைய கோடு என்று தெரியாமல் போகும். விலைக்கு வாங்கிய கோப்பில் கைவைக்கும் முன் உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

வேறு எங்கே போடலாம், எங்கே கூடாது

கல்லூரி மலர், சான்றிதழ், நினைவு மலர், ஆர்ட் பேப்பரில் அடிக்கும் பத்திரிகை: எல்லாவற்றிலும் நன்றாக நிற்கும். தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு எழுத்துக்கு எழுத்து 80 முதல் 100 வரை டிராக்கிங் கொடுத்தால் பாஸ்கர்வில்லே அமைத்த முகப்புப் பக்கங்களின் களை வரும். அவர் பூவேலையை நம்பியவரல்ல, வெற்றிடத்தை நம்பியவர். அதே டிராக்கிங்கைப் பக்கத்துத் தமிழ்த் தலைப்புக்கும் இழுத்துவிடாதீர்கள். ‘கா’வின் காலும் ‘கை’யின் கொம்பும் எழுத்தை விட்டு விலகிப் போகும்.

மூல பாஸ்கர்வில்லில் தடித்த எழுத்து கிடையாது. அது பிற்காலச் சேர்க்கை. உள்தலைப்புக்குத் தடிப்பைவிடச் சாய்வோ பெரிய எழுத்தோ மேல். சாய்வுக் கோப்பை நிறுவாமல் மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நேர் எழுத்தே வளைந்து நிற்கும், பேனா ஓட்டம் போய்விடும்.

மாம்பழக்கூழ் டின் லேபிளின் பொடி எழுத்து, பில் பிரின்டர், 7 பாயின்ட் அடிக்குறிப்பு ஆகியவற்றுக்கு இது வேண்டாம். சாம்பல் நிறத்திலும் உடல் எழுத்தை அடிக்காதீர்கள். சாம்பல் என்றால் கறுப்பைச் சிறு புள்ளிகளாகப் பிரித்த ஸ்கிரீன் புள்ளி. 150 எல்பிஐயில் (அங்குலத்துக்கு 150 வரிசை) ஒரு கட்டம் 0.17 மி.மீ., மெல்லிய கோட்டைவிடப் பெரியது, கோடு புள்ளி புள்ளியாக உடையும். கறுப்பு என்றால் 100 சதவீதத் தனிக் கறுப்பு. நான்கு கலரும் கலந்த கறுப்பானால் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

அட்டையில் அந்தச் சிக்கலே வந்தது. கரும்பழுப்புப் பின்னணியில் வெள்ளைத் தலைப்பு, பழைய வரைவு, 42 பாயின்ட். பின்னணி நான்கு மையில் அமைந்திருந்ததால் ‘கியூ’வின் வால் நுனியும் ‘ஏ’யின் மெல்லிய காலும் சிவப்பு ஓரம் கட்டிச் சன்னமாயின. பின்னணியிலிருந்து சியானை (நீல மையை) எடுத்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் வைத்ததோடு, வெள்ளை எழுத்துக்கு 0.2 பாயின்ட் வெள்ளை ஓரக்கோடும் கொடுத்ததில் நேரானது. முதுகில் தலைப்புப் போடும் யோசனை கைவிடப்பட்டது: 70 ஜிஎஸ்எம்மில் 48 தாளுக்கு முதுகு 5 மி.மீ.தான் வருகிறது, மடிப்பு அரை மி.மீ. நகர்ந்தாலே எழுத்து முன்னட்டையை ஒட்டிப் போய்விடும்.